பல் பதிந்த கிழங்கு

ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தேன். "நாளைக் காலையில் உங்களுடையதைக் கொண்டுவந்து நுண்ணோக்கியில் நீங்களே பாருங்கள். பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதிய பிறகுதான் அடுத்தவர் பெயரை எழுத வேண்டும்" என்றேன். ஒருவர் முகம் சுளித்தார். இன்னொருவர் மறுநாள் வேலைக்கே வரவில்லை.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அந்த வழக்கம் இன்னும் தொடர்கிறது, ஆனால் ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை என்று போன வாரம் கேள்விப்பட்டேன். காரணம் தெரியாத வழக்கம் நெடுநாள் நிற்காது. ஆகவே காரணத்தை எழுதிவிடுகிறேன். கிழமையும் நேரமும் என் நாட்குறிப்பில் உள்ளபடி. பேச்சு மட்டும் நினைவிலிருந்து.

எண்பதுகளின் பிற்பகுதி. பங்குனி மாதம். அருப்புக்கோட்டையில் நம் ஆய்வகம் அப்போது ஒரு மருத்துவரின் கிளினிக்கை ஒட்டிய இரண்டு அறைகள்தான். பின்சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டே இருக்கும். திருச்சுழி சாலையில், வீடுகள் முடிந்து கருவேலங்காடு தொடங்கும் இடத்தில், ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். அதில் லில்லி என்ற பெண் சிம்பன்சி இருந்தது. சைக்கிள் ஓட்டும், நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கும் என்று சுவரொட்டியில் போட்டிருந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, ஊரில் எல்லோரும் மாட்டு டாக்டர் என்று அழைக்கும் கால்நடை மருத்துவர் என் மேசைமேல் ஒரு சீசாவை வைத்தார். அவர் பெயரை எழுதமாட்டேன். தன் பெயர் எங்கும் வருவதை விரும்பாத மனிதர். சீசாவில் ரத்தமும் சளியும் கலந்த மலம்.

"யாருடையது டாக்டர்?"

"பேசன்ட்டோடதுதான். பாத்துச் சொல்லு தம்பி."

பார்த்தேன். ஒன்றும் தென்படவில்லை. 'கிருமி எதுவும் காணப்படவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி நீட்டினேன். அவர் தாளை வாங்கவில்லை.

"இதை எத்தனை மணிக்கு எடுத்தாகன்னு கேட்டியா?"

"கேக்கலீங்க."

"காலையில எட்டு மணிக்கு. அமீபா சூடு ஆறுறதுக்குள்ள பாத்தாத்தான் நகரும், இல்லாட்டி அதுவும் குப்பை மாதிரிக் கெடக்கும்னு நீதான போன மாசம் எனக்குச் சொன்ன? ஆறிப்போனதப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு எழுதுற. மைக்ராஸ்கோப்பத் தூக்கு. போவோம்."

அவருடைய ஸ்கூட்டரின் பின்னால், நுண்ணோக்கிப் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு போனேன். பேசன்ட் யார் என்று கூண்டு வண்டியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

லில்லி மூலையில் சுவரோடு சாய்ந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. நான் எத்தனையோ வயிற்றுக்கடுப்பு நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் உட்காரும் விதத்துக்கும் அது உட்கார்ந்திருந்த விதத்துக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. அதன் முதுகைத் தடவியபடி கூண்டுக்குள் ஒருவர் இருந்தார். பெயர் சீனிச்சாமி. நாற்பது வயதிருக்கும். சொந்த ஊர் இங்கேயே எம்.ரெட்டியபட்டி. ஒரு பஞ்ச வருடத்தில் நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு சர்க்கஸோடு போனவர். பதினைந்து வருடம் கழித்து சர்க்கஸோடு திரும்பி வந்திருக்கிறார். லில்லியைக் குட்டியிலிருந்து வளர்ப்பவர் அவர்தான்.

ஒரு தகரப் பெட்டியின்மேல் நுண்ணோக்கியை வைத்து, கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பினேன். இந்த முறை எடுத்த மலம் கதகதப்பாக இருந்தது. பார்த்த இரண்டாவது நிமிடம் அது தெரிந்தது. விரலை நீட்டுவதுபோல உடம்பை நீட்டி நகரும் அமீபா, வயிற்றுக்குள் விழுங்கிய ரத்த அணுக்களோடு.

"எனக்குக் காட்டுங்கய்யா" என்று சீனிச்சாமி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. "இத்தினிக்கூண்டு சனியனா எம்புள்ளய இந்தப் பாடு படுத்துது?"

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாழைப்பழத்தில் பொதிந்து ஐந்து நாள் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லில்லி எழுந்து கம்பியைப் பிடித்து ஆடியது. என் நாட்குறிப்பில் அன்று 'குணம்' என்று எழுதி, அடிக்கோடும் இட்டிருக்கிறேன்.

அதற்குப் பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, மறுபடி ரத்தம்.

இரண்டாவது முறை எப்போதும் முதல் முறையைவிட மோசம். உடம்பில் மீதம் இருக்காது. லில்லி தலையைத் தூக்கவே சிரமப்பட்டது. அடுத்த சனிக்கிழமை கூடாரத்தைப் பிரித்து லோடு ஏற்றுவதாகத் திட்டம். மேனேஜர் கெட்டவர் அல்ல. ஆனால் எழுபது பேரையும் அத்தனை விலங்குகளையும் ஊர் ஊராக நகர்த்துகிறவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

"டாக்டர், சனிக்கிழமை அது தன் காலால லாரியில ஏறணும். தூக்கி ஏத்தினா வழியிலேயே செத்துடும், அதுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். ஏற முடியலைன்னா நீங்க ஊசி போட்டு முடிச்சுடுங்க. நான் எழுதிக் கொடுக்கிறேன்."

சீனிச்சாமி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு எட்டு நாள் இருந்தது.

மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். "மருந்து வேலை செஞ்சிருக்கு" என்றார் மருத்துவர். "திரும்ப எங்கிருந்தோ வருது. எங்கேன்னு கண்டுபிடி." அந்த எட்டு நாளில் மூன்று நாளை நான் வீணாக்கினேன். ஊர்க் குளமான ஊருணியிலிருந்து வண்டியில் வரும் தண்ணீரைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் அடிச்சேற்றைப் பார்த்தேன். பழம் வாங்கும் கடை, பழம் வைக்கும் சாக்கு, கூண்டின் வைக்கோல், ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் தனித்தனிச் சீட்டில் எழுதி எண் போட்டு அடுக்கினேன். அடுக்கு அழகாக இருந்தது. விடை மட்டும் அதில் இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணி. சீனிச்சாமி டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே கொட்டினார்.

"என்ன அண்ணாச்சி, டீ நல்லா இல்லையா?"

"டீ நல்லாத்தான் இருக்கு. என் வாயிதான் கெட்டுப்போச்சு. மூணு நாளா செப்புத் துட்டச் சப்புன மாதிரி இருக்கு. எதத் தின்னாலும் தகரம்."

இதே வார்த்தைகளை வேறு எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே மாத்திரையைத் தின்றவர்கள். லில்லிக்குக் கொடுக்கும் மாத்திரை.

"நீங்க ஏதும் மாத்திர சாப்பிட்டீகளா?"

"எனக்கெதுக்கு மாத்திர? கல்லத் தின்னாலும் செரிக்கும்."

"லில்லிக்கு எப்படி மாத்திரை கொடுக்குறீக? எனக்குச் செஞ்சு காட்டுங்க."

காட்டினார். வாழைப்பழத்தை உரித்து, மாத்திரைப் பொடியைத் தூவி, விரலால் அழுத்தி, முதலில் தான் ஒரு கடி கடித்துவிட்டு நீட்டினார். லில்லி கடித்த இடத்தை உற்றுப் பார்த்தது, முகர்ந்தது, பிறகு வாங்கியது. ஏதோ ஓர் ஊரில் வேடிக்கை பார்க்க வந்த யாரோ பழத்துக்குள் ஊசியைச் செருகிக் கொடுத்துவிட்டார்களாம். வாயெல்லாம் ரத்தம். அன்றிலிருந்து அவர் கடித்துக் கொடுக்காத எதையும் அது வாயில் வைப்பதில்லை. ஆறு வருடமாக ஒவ்வொரு வேளையும் இப்படித்தான்.

நான் அவருடைய பல்லைப் பார்க்கவில்லை. பழத்தை அழுத்திய விரலைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். குடிக்கவே தண்ணீர் அளந்து ஊற்றும் முகாம் அது. சோப்பு போட்டுக் கை கழுவ யாருக்குத் தண்ணீர் கிடைக்கும்? மூன்று நாளாக நான் உலகம் முழுவதையும் சோதித்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற மனிதரை விட்டுவிட்டேன். அவர் நோயாளி போலத் தெரியவில்லை என்பதுதான் காரணம்.

ஒரு டப்பாவைக் கொடுத்தேன். முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"தாரேன். என்னன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன் அண்ணாச்சி."

இந்த வாக்கை நாட்குறிப்பிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை அவருடைய மாதிரியைப் பார்த்தேன். நகரும் அமீபா இல்லை. உறைக்குள் சுருண்டு ஓய்ந்திருக்கும் அமீபாக்கள், சின்னச் சின்ன வட்டங்களாக, வேண்டிய மட்டும் இருந்தன. உங்களுக்குத் தெரியும், அப்படிப்பட்டவருக்கு வலி இருக்காது, கழிச்சல் இருக்காது. அவர் நன்றாகவே இருப்பார். அவர் கை பட்டதைத் தின்கிறவர்தான் படுப்பார். லில்லிக்குக் கொடுத்த மாத்திரை இந்த உறைகளை அவ்வளவாகத் தொடாது. அதற்கு வேறு மாத்திரை உண்டு. அதை லில்லிக்கும் கொடுக்க வேண்டும், சீனிச்சாமிக்கும் கொடுக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு சைக்கிளை மிதித்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். சீனிச்சாமி தண்ணீர் வண்டியோடு ஊருணிக்குப் போயிருந்தார். வர இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்றார்கள். கூடார நிழலில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். "என்ன சார், ஏதாவது தெரிஞ்சதா?" என்று கேட்டார்.

பத்து நிமிடம். அவ்வளவுதான் நான் காத்திருந்திருக்க வேண்டும். மூன்று நாள் தேடிக் கிடைத்த விடை என் நாக்கில் துடித்துக்கொண்டிருந்தது. "கண்டுபிடிச்சிட்டேன் சார். சீனிச்சாமிக்கு இருக்கு. அவர் கையிலிருந்துதான் லில்லிக்குப் போகுது" என்றேன்.

சீனிச்சாமி திரும்பி வந்து வண்டியை நிறுத்துவதற்குள் அவருடைய பெட்டி வெளியே வந்துவிட்டது. மேனேஜர் சத்தம் போடவில்லை. "உன் கை பட்டுத்தான் அதுக்கு நோயாம். நீ ஊருக்குப் போ. அது பிழைச்சா சொல்லி அனுப்புறேன்" என்றார். சீனிச்சாமி மேனேஜரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தார். கூண்டு வண்டியிலிருந்து லில்லி ஒரே ஒரு முறை கத்தியது.

அன்று சாயங்காலம் அது சாப்பிடவில்லை. புதன்கிழமை வேறோர் ஆள் பழம் கொடுத்தார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கடித்த இடம் இல்லை. கீழே வைத்துவிட்டது. அந்த ஆளையே கடிக்கச் சொன்னோம். கடித்தார். அதையும் கீழே வைத்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கையால் தட்டிவிட்டது. மருத்துவர் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றப் பார்த்தார். இருந்த கொஞ்ச பலத்தில் ஊசியைப் பிடுங்கி எறிந்தது.

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேர் வயித்துலயும் ஒரே பூச்சி இருக்கறதப் பாத்த. சரி. யாரு யாருக்குக் கொடுத்தான்னு எந்த லென்ஸ்ல பாத்த?"

நான் அது எறிந்த ஊசியைப் பொறுக்கி எடுத்தேன்.

"அதுகிட்ட இருந்து இவனுக்கு வந்திருக்கலாம்ல? ஒரே ஊருணித் தண்ணியில ரெண்டு பேருக்கும் வந்திருக்கலாம்ல? பாத்தத எழுதறதுக்குத்தான் உன்ன எல்லாரும் நம்புறாக. பாக்காதத எதுக்குச் சொன்ன? அதையும் யார்கிட்டப் போயிச் சொன்ன?" குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊசியோட வரச் சொல்லிருக்காரு மேனேஜரு, தம்பி. நான் அந்த மருந்த எடுத்துத் தனியா வச்சிட்டேன்."

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன். சீனிச்சாமியின் அண்ணன் வீட்டை விசாரித்து நின்றபோது வாசலில் பருத்தி காயப்போட்டிருந்தார்கள். அவருடைய மதினி புடைக்கும் சுளகோடு வெளியே வந்தார்.

"யாரு நீங்க?"

"அருப்புக்கோட்டையில இருந்து வாரேன். லேப்பு."

"ஓ, அந்த லேப்புக்காரரு நீங்கதானா? வாங்க, வாங்க. எங்க கொழுந்தனாருக்குப் பட்டம் குடுத்து அனுப்புனவுக. பதினஞ்சு வருசம் கழிச்சு வீட்டுக்கு வந்த மனுசன், வந்ததும் வராததுமா எனக்குச் சீக்கிருக்கு மதினி, எந் தட்டத் தனியா வைங்கன்னு அவுகளே சொல்றாக. எம்பிள்ளைக கிட்டப் போனா 'தள்ளிப் போ தள்ளிப் போ'ங்கறாக. நல்லாருக்கா இது?"

வீட்டுச் சுவரோரம் ஒரு தட்டும் ஒரு தம்ளரும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றை நான் இன்றுவரை மறக்கவில்லை.

சீனிச்சாமி காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். கரிசல் வெடித்துக் கிடந்தது. நான் வரப்பில் நின்றதைப் பார்த்தும் நிமிராமல் அடுத்த செடிக்குப் போனார்.

"அண்ணாச்சி, லில்லி சாப்பிட மாட்டேங்குது."

கை நின்றது.

"எத்தன நாளா?"

"நீங்க போனதிலருந்து."

"தண்ணி?"

"இல்ல."

மடியில் கட்டியிருந்த பருத்தியை அப்படியே வரப்பில் கொட்டினார். ஆனால் கிளம்பவில்லை. என் எதிரில் வந்து நின்றார்.

"எங்கிட்டச் சொல்றேன்னுதான சொன்னீக?"

"ஆமா. தப்புத்தான் அண்ணாச்சி."

"சொல்லிருந்தா நானே தள்ளி நின்னிருப்பேன். அதுக்கு ஒண்ணுன்னா நான் நிக்க மாட்டனா? களவாணிப்பய மாதிரில வெளிய போட்டாக." துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு கேட்டார்: "எங்கையப் பாத்தீக. அது வயித்தப் பாத்தீக. உங்களதப் பாத்தீகளா?"

"என்னுடையதையா?"

"ஏன், உங்களுக்கு வயிறு இல்லையா? நீங்களும் அந்த ஊருணித் தண்ணியிலதான டீ குடிச்சீக?"

எங்கள் வீட்டில் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டித்தான் குடிப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "பாக்குறேன். உங்ககிட்ட வந்து சொல்றேன்" என்றேன்.

"இந்தத் தடவையாச்சும் சொல்லுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க, பத்தரை பஸ்ஸப் பிடிப்போம்."

மேனேஜரிடம் மருத்துவர்தான் பேசினார். சீனிச்சாமியை உள்ளே விட மேனேஜர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. சீனிச்சாமியின் கை பட்ட எதுவும் பச்சையாக லில்லியின் வாய்க்குப் போகக்கூடாது. நிபந்தனை சரியானதுதான். அவருக்கு உறையைக் கொல்லும் மாத்திரையை நம் கிளினிக் மருத்துவர் எழுதித் தந்திருந்தார். ஆனால் அது வேலை செய்யப் பத்து நாளாவது ஆகும். எங்களிடம் இருந்ததோ ஒன்றரை நாள்.

நகத்தை ஒட்ட வெட்டி, சோப்பு போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு அவர் கூண்டின் முன்னால் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் லில்லி தரையோடு உடம்பை இழுத்துக்கொண்டே வந்து கம்பிக்கு வெளியே கையை நீட்டியது. அவர் தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அதைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

என் யோசனைப்படி அவர் தனக்கென்று ஒரு பழத்தை உரித்துத் தின்று காட்டினார். உரிக்காத பழம் ஒன்றை இன்னொருவர் லில்லியிடம் நீட்டினார். அது அந்தப் பழத்தைத் தொடவில்லை. உதட்டைக் குவித்துக்கொண்டு, அவர் கையில் இருந்த கடித்த பாதியையே கேட்டது. மூன்று முறை செய்தோம். மூன்றாவது முறை அது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டது. அப்போது மணி நான்கு பத்து.

சீனிச்சாமி தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தப் பூச்சி, அந்தக் கூட்டுக்குள்ள இருக்குமே, அது கொதிக்க வச்சா செத்துருமா?"

"செத்துரும்."

"நல்லாத் தெரியுமா? பாத்திருக்கீகளா?"

"பாத்திருக்கேன் அண்ணாச்சி." இது உண்மை.

"அப்பச் சக்கரவள்ளிக் கிழங்கு வேணும். பச்சையா."

பச்சைக் கிழங்கை நன்றாகக் கழுவி, நடுவில் ஆழமாக ஒரு கடி கடித்தார். பல் வரிசை அச்சடித்ததுபோலப் பதிந்தது. அப்படியே பானையில் போட்டார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். கிழங்கு வெந்து தோல் வெடித்தது. கடித்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. மருத்துவர் கொதிதண்ணீரில் நனைத்த கரண்டியால் அதை எடுத்து, ஆறவைத்து, மாத்திரைப் பொடியை உள்ளே தள்ளி, கரண்டியோடு சீனிச்சாமியிடம் கொடுத்தார்.

சீனிச்சாமி கரண்டியைக் கம்பி வழியாக நீட்டினார். "தாயி, இங்கிட்டுப் பாரு. நாங் கடிச்சதுதான். பாரு தாயி."

லில்லி திரும்பியது. கிழங்கைக் கையில் எடுத்தது. பல் பதிந்த பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவியது, முகர்ந்தது. பிறகு அந்தப் பள்ளத்திலிருந்தே தின்னத் தொடங்கியது.

இரண்டாவது கிழங்கைப் பாதி தின்றது. காய்ச்சி ஆறிய உப்புச் சர்க்கரைத் தண்ணீரை இரண்டு தம்ளர் குடித்தது. மருத்துவர் பையிலிருந்து அந்தத் தனி மருந்தை எடுத்து, என்னிடம் காட்டாமலே ஸ்கூட்டரின் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். வெள்ளிக்கிழமை முழுவதும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கிழங்கு வெந்தது. எத்தனை கிழங்கு என்று எழுதி வைத்திருக்கிறேன். அது உங்களுக்கு வேண்டாம்.

அமீபாவில் ஆளைப் படுக்கவைக்காத இன்னொரு வகை உண்டு, உறையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது என்று இன்று நீங்கள் படிக்கிறீர்கள். அன்று எங்களுக்கு அது தெரியாது. சீனிச்சாமியிடம் இருந்ததும் லில்லியிடம் இருந்ததும் ஒன்றுதானா என்பதை இன்று என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஆனால் மேனேஜரிடம் சத்தியம் செய்வதுபோலத்தான் சொன்னேன். மருத்துவர் கேட்ட கேள்வி ஒவ்வொரு வருடமும் எனக்குள் இன்னும் கூர்மையாகிக்கொண்டே வருகிறது.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆய்வகத்தைத் திறந்தேன். வீட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்திருந்தேன். வியாழக்கிழமையே பார்த்திருக்கலாம், வெள்ளிக்கிழமை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வேலை இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அது பொய். பயமாக இருந்தது.

லென்ஸைத் திருகி ஒழுங்கு செய்தேன். சின்னச் சின்ன வட்டங்கள். முதலில் எண்ணெய்த் துளி என்று நினைக்க விரும்பினேன். அயோடின் விட்டுப் பார்த்தேன். ஒரு வட்டத்துக்குள் நான்கு புள்ளி, அமீபா உறையின் அடையாளம். அடுத்ததிலும் நான்கு. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் வீட்டில் பிறந்து, நகத்தை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெட்டுகிற, ஒருநாளும் வயிற்று வலி என்று படுத்திராத எனக்கு. எத்தனை வருடமாக என்று தெரியாது. இந்தக் கையால் எத்தனை பேருக்கு டீ எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்றும் தெரியாது.

பதிவேட்டில் என் பெயரை எழுதி, எதிரே கண்டதையும் எழுதினேன். அந்த வரியில் மட்டும் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். பழைய பதிவேடுகள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. விரும்பினால் பாருங்கள்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடாரம் தரையில் சுருட்டிக் கிடந்தது. லாரிகள் வரிசையாக நின்றன. கூண்டு லாரியின் பின்பக்கம் பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மேனேஜர் பக்கத்தில் நின்றார். மருத்துவரும் இருந்தார். சீனிச்சாமி முன்னால் போய்ப் பலகையின் மேலே நின்றுகொண்டு, கரண்டியில் ஒரு கிழங்கை நீட்டினார். லில்லி கீழே உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்த்தது. ஒரு கையைப் பலகையில் ஊன்றியது. நின்றது. வயிற்றைப் பிடித்தது. பிறகு அடுத்த கை. நான்கடிப் பலகையில் ஏற அதற்கு எத்தனை நேரம் ஆயிற்று என்று அன்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஏறியது. தன் காலால் ஏறியது.

மேனேஜர், "சரி, கதவைப் போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

சீனிச்சாமி இறங்கி வந்து வாளியில் கை கழுவினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மேனேஜர் பத்தடி தூரத்தில் இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அண்ணாச்சி, என்னுடையதப் பாத்தேன்."

"ம்?"

"எனக்கும் இருக்கு."

கையில் சோப்பு நுரையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, லாரிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். கூண்டிலிருந்து லில்லியும் எட்டிப் பார்த்தது. இப்போது சொல்லிவிடுவார், இத்தனை பேர் முன்னால் சொல்லிவிடுவார், சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னப்பா சீனி, அப்படி என்ன சிரிப்பு?" என்று கேட்டுக்கொண்டே மேனேஜர் எங்களை நோக்கி வந்தார்.

சீனிச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து தன் மாத்திரை அட்டையை எடுத்து, இரண்டைக் கிழித்து, யாருக்கும் தெரியாமல் என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார். "அது அவுக சொந்த விசயம்."